ஆற்றில் இட்ட பொன்னும் உடலில் இட்ட மருந்தும்

திருமுதுகுன்றம் என்று தேவாரத்தில் வழங்கும் விருத்தாசலத்தைப் பற்றித் தமிழ் மக்கள் சாதாரணமாக அறிந்த விஷயங்கள் இரண்டு. ஒன்று, சுந்தரமூர்த்தி நாயனார் அங்கே பொன் பெற்ற கதை. மற்றொன்று, அவ்வூர்ப் பீங்கான். முதலாவது பக்தர்களின் சொத்து. இரண்டாவது வியாபாரிகளின் சொத்து. இவ்விரண்டையும் சேர்த்து இன்று நாம் வைத்தியத்தைப் பற்றிப் பேசப் புகுவது நேயர்களுக்கு விநோதமாகத் தோன்றலாம். ஆயினும் உலகத்து ரஸாயன சாஸ்திரிகள் இப்பொழுது மூளையைக் கசக்கிக்கொண்டிருக்கும் ஒரு பிரச்னையை விளக்குவதற்கு இவ்வூரைவிடத் தகுந்த இடம் நமக்குக் கிடைக்கவில்லை.

கதை தெரிந்ததே. நாயனாருக்கு இறைவன் 12,000 பொன் அளித்தான். கள்வர் பயமுள்ள வழியில் அவ்வளவு பொன்னையும் சுமந்து திருவாரூருக்குப் போவது எப்படி? மணிமுத்தாற்றிலே இட்டுவிட்டு, ஆரூர்க் கமலாலயக் குளத்திலே எடுத்துக்கொள்ளும்படி கட்டளை பிறந்தது. நாயனார் பக்தர்தாம்; எனினும் ஏமாந்தவர் அல்லர். பொன்னிலிருந்து மாதிரிக்காக ஒரு மச்சம் வெட்டி வைத்துக்கொண்ட பிறகே ஆற்றில் இட்டார். இந்த மச்சத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம்; பின்னால் அதற்கு வேலை இருக்கிறது.

இனிப் பீங்கான். நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியை மூடிக்கிடக்கும் படுகைகளில் கிடைக்கும் வெண்களிமண் போன்றவற்றைக் கொண்டு, விருத்தாசலத்துப் பீங்கான் பேட்டையில் அகல் விளக்கும் பொம்மையும் மின்சாரப் பியூஸ் கட்டையும் செய்கிறார்கள். அங்கே சூளையண்டை நிற்கும் எந்தத் தொழிலாளியைக் கேட்டாலும் ஒரு சத்தியத்தைச் சொல்லுவான். பச்சை மண்ணில் செய்த பொம்மை பிடிக்கவில்லையென்றால் தண்ணீரில் போடலாம். கரைந்து மறுபடி மண்ணாகும். சூளையில் ஏறி இறங்கியது அப்படியல்ல. வெண்களிமண் சுமார் 500, 600 டிகிரி உஷ்ணத்தைத் தாண்டும்பொழுது அதன் அணுக்கட்டிலேயே பிணைந்திருந்த நீர் போய்விடுகிறது. பிறகு எத்தனை குடம் தண்ணீர் ஊற்றினாலும் பழைய மண் திரும்பாது. சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் பெரியோர் சொன்னது இதனால்தான்.

மருந்துகளிலும் இவ்விரு ஜாதி உண்டு. நாம் உட்கொள்ளும் மருந்துகளில் பெரும்பாலானவை பச்சை மண் ஜாதி. உடலிலுள்ள ஒரு புரதத்தின் குழிவில் போய் உட்காரும்; சிறிது நேரம் அதன் வேலையைத் தடுக்கும்; பிறகு எழுந்து போய்விடும். இரத்தத்தில் மருந்து குறைந்தால் பலனும் குறையும். ஆகவேதான் காலை, மதியம், இரவு என்று வேளை தவறாமல் விழுங்க வேண்டியிருக்கிறது. மற்றொரு ஜாதி, புரதத்தைத் தொட்டவுடன் அதனோடு எலெக்ட்ரான்களைப் பங்கு போட்டுக்கொண்டு ஒன்றாகிவிடும். பாடப் புத்தகத்தில் இதற்குச் சகப்பிணைப்பு என்று பெயர். இந்த ஜாதியிலும் சில மெள்ளக் கழன்றுவிடுவது உண்டு. ஆனால் பெரும்பாலும் இது சுட்ட மண். அந்தப் புரதம் செத்தது செத்ததுதான். உடல் புதிதாக ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும் வரையில் மருந்தின் பலன் நிற்கும்.

இது ஏதோ மேல்நாட்டு நூதனம் என்று எண்ண வேண்டாம். நமது வீட்டு அலமாரியிலேயே இருப்பது. 1897ம் வருஷத்தில் ஜெர்மனியில் பேயர் கம்பெனியின் ஆராய்ச்சிச் சாலையில் ஹாப்மன் என்பவர் தயாரித்த ஆஸ்பிரின் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. உலகம் முழுவதும் அதை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது எவ்வாறு வேலை செய்கிறது என்பதற்கு 1971ல்தான் இங்கிலாந்தில் ஜான் வேன் என்ற விஞ்ஞானி வழி காட்டினார். ஆஸ்பிரின் தன்னிலிருந்து ஒரு சிறு துண்டைக் கழற்றி ஒரு நொதியின்மேல் ஒட்டிவிடுகிறது. இரத்தத்தில் சேர்ந்த ஆஸ்பிரினில் பாதி சுமார் 20 நிமிஷத்தில் வேறாக மாறிப்போகிறது. ஆயினும் இரத்தத் தட்டணுக்களுக்குப் புதிய நொதி செய்துகொள்ளும் சக்தி இல்லாமையால், அவற்றின் ஆயுளாகிய 8, 10 நாட்களுக்கும் அந்த ஒட்டு நீங்குவதில்லை. மாரடைப்புக்கு அஞ்சுகிறவர்கள் தினம் ஒரு சிறு மாத்திரையோடு நிறுத்திக்கொள்ளும் ரகசியம் இதுவே. 1928ல் பிளெமிங் கண்ட பென்சிலினும் இந்த ஜாதிதான். கிருமி தன் சுவரைக் கட்டுவதற்கு வைத்திருக்கும் கொத்தனைப் பிடித்துச் சுவரோடு சேர்த்துப் பூசிவிடுகிறது என்று சொல்லலாம்.

இவ்வளவு சிலாக்கியமான முறையாயிருந்தும், மருந்துக் கம்பெனிகள் வெகு காலம் இதைக் கண்டு அஞ்சின. காரணம் நியாயமானது. ஒட்டினால் விடாத பசையைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தில் புகுந்தவன், தேடிப் போன ஆளின்மேல் மட்டும் பூசுவான் என்பது என்ன நிச்சயம்? வழியில் ஈரலில் ஒட்டலாம், இருதயத்தில் ஒட்டலாம், இரத்தத்திலேயே ஏதாவது புரதத்தில் ஒட்டித் தீர்ந்துபோகலாம். பச்சை மண் தவறான இடத்தில் ஒட்டினால் கழுவிவிடலாம். சுட்டது ஒட்டினால் என் செய்வது?

சென்ற பதினைந்து வருஷங்களில் இந்த அச்சம் தணிந்திருக்கிறது. 2013ல் இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றுக்கு இப்ரூட்டினிப் என்ற மருந்து அமெரிக்காவில் அங்கீகாரம் பெற்றது. 2015ல் நுரையீரல் புற்றுநோய்க்கு ஓசிமெர்ட்டினிப். 2021ல் ஸோட்டோராஸிப். கடைசியாகச் சொன்னது விசேஷமானது. கேராஸ் என்னும் புரதம் கெட்டுப்போய்ப் புற்றுநோய் விளைவிக்கிறதென்று 1980களிலிருந்தே தெரியும். ஆனால் பிடி கொடுக்காத எண்ணெய்ப் பானையைப் போல் அது சுமார் 40 வருஷம் எல்லா மருந்துக்கும் வழுக்கிக்கொண்டிருந்தது. அதன் ஒரு விகாரத்தில் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் முளைத்திருக்கிறது. அதைப் பற்றி ஒட்டலாம் என்று 2013ல் கலிபோர்னியாவில் ஷோகட் என்பவரும் அவர் கூட்டத்தாரும் காட்டினார்கள். நோய் தன் உடம்பில் தானே இட்டுக்கொண்ட ஆணியில் மருந்தை மாட்டிய சாமர்த்தியத்தை மெச்சாதிருக்க முடியாது.

எனினும் பழைய குறை முற்றும் நீங்கவில்லை. இப்ரூட்டினிப்பை விழுங்கினால் அதில் மிகச் சிறு பங்கே இரத்தத்தைச் சேருகிறது. பெரும்பகுதியைக் குடலும் ஈரலும் கழித்துவிடுகின்றன. சிலருக்கு இருதயத் துடிப்பு தாறுமாறாகிறது. அதற்குக் காரணம் மருந்து தான் தேடிப்போன புரதத்தை விட்டு அதன் பங்காளிகளின்மேலும் கை வைப்பதே என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. பசை நல்ல பசை. அதை மூடி எடுத்துப்போகும் சிமிழ் நல்லதாயில்லை. மணிமுத்தாற்றிலிருந்து கமலாலயம் வரையில் வழியில் கள்வரிடம் சிக்காமல் பொன் போய்ச் சேர வேண்டும். குளத்திலே மட்டும் வெளிப்பட வேண்டும். பிரச்னை இதுதான்.

இதற்கு ஒரு விடை ஏற்கெனவே ஒவ்வொரு மருந்துக் கடையிலும் இருக்கிறதென்றால் நேயர்கள் வியப்படைவார்கள். வயிற்றெரிச்சலுக்கு நம்மவர்கள் வைத்தியரைக் கேட்டும் கேளாமலும் விழுங்கும் ஓமிப்ரஸோல் 1988ல் வெளிவந்தது. இரைப்பையில் அமிலம் சுரக்கும் இயந்திரத்தோடு சகப்பிணைப்புக் கொண்டு அதை நிறுத்துவது அதன் தொழில். ஆனால் அமிலம் பட்டவுடன் உருமாறி ஒட்டும் நிலைக்கு வந்துவிடுவது அதன் சுபாவம். அப்படியே விழுங்கினால் இரைப்பைக்குள் விழுந்த கணமே வீணாகிப்போகும். ஆகவே அதைக் கடுகளவு மணிகளாக உருட்டி, அமிலத்தில் கரையாததும் சிறுகுடலில் கரைவதுமான ஒரு பாலிமர்ப் பூச்சுக் கொடுக்கிறார்கள். மணி இரைப்பையைப் பத்திரமாகக் கடந்து, குடலில் கரைந்து, இரத்தத்தில் ஏறி, சுற்றி வந்து, அமிலம் ஊறும் அணுவுக்குள் பின்பக்கமாக நுழைந்து, அங்கே அமிலம் பட்டு விழித்துக்கொண்டு ஒட்டுகிறது. முன் வாசலில் அடிபடாமல் கொல்லைப்புறமாக வந்து காரியத்தை முடிப்பது என்பது இதுவே அன்றோ? ஆற்றில் இட்டுக் குளத்தில் எடுத்த காரியம் தினந்தோறும் கோடிக்கணக்கான வயிறுகளில் நடந்துவருகிறது.

இன்று ஆராய்ச்சிச் சாலைகளில் முயல்வது இதே யுக்தியின் மிகச் சிறிய உருவம். ஓமிப்ரஸோல் மணி சுமார் 1 மில்லிமீட்டர். அதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அதாவது 100 நானோமீட்டர் அளவுக்குப் பாலிமர் உருண்டை செய்து, அதற்குள் மருந்தை வைத்து, நேரே இரத்தத்தில் விடுகிறார்கள். நமது தலைமயிரின் குறுக்கே இவ்வுருண்டைகளை நிறுத்தினால் சுமார் 800 நிற்கும். லாக்டிக் அமிலமும் கிளைகாலிக் அமிலமும் மாறிமாறிக் கோத்த ஒரு பாலிமர் இதற்குப் பெரிதும் கையாளப்படுகிறது. உடலுக்குள்ளேயே கரையும் தையல் நூலாக ரண சிகிச்சை செய்வோர் பல்லாண்டுகளாக அறிந்த சரக்குத்தான் இது. கடைசியில் நீராகவும் கரியமில வாயுவாகவும் போய்விடும்.

சகப்பிணைப்பு மருந்துக்கும் இவ்வண்டிக்கும் நல்ல பொருத்தம் என்று நாம் எண்ணுவதற்குக் காரணம் உண்டு. சாதாரண மருந்தானால் வண்டி போய்ச் சேர்ந்த பிறகும் அளவு குறையாமல் இறக்கிக்கொண்டேயிருக்க வேண்டும். ஒட்டும் மருந்துக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு முறை சரியான வாசலில் இறக்கிவிட்டால் போதும். மறு பக்கத்தில், வழியில் கண்ட இடத்தில் ஒட்டுவது அதன் துர்க்குணம். வண்டியின் மூடி அதைத் தடுக்கிறது. ஒன்றன் குறையை மற்றது மறைக்கிறது. இப்ரூட்டினிப் முதலியவற்றை இவ்வாறு பொதிந்து எலிகளில் பரீட்சை செய்திருக்கிறார்கள்.

ஆனால் பத்திரிகைகளில் வரும் ஆரவாரத்தை நம்பி மயங்கிவிடக் கூடாது. புற்றுக்கட்டியின் இரத்தக் குழாய்கள் ஓட்டையுள்ளவை, ஆகவே நுண்துகள்கள் அங்கே ஒழுகித் தேங்கும் என்று 1986ல் ஜப்பானில் மட்ஸுமுராவும் மயேடாவும் எழுதியது பெரும் நம்பிக்கையை உண்டாக்கிற்று. முப்பது வருஷம் கழித்து, 2016ல், கானடாவில் வாரன் சான் என்பவரின் ஆராய்ச்சிக் குழுவினர் அதுவரை வெளிவந்த பரீட்சைகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். செலுத்திய துகள்களில் கட்டியைச் சேர்ந்தது, நடுத்தரமாகப் பார்த்தால், நூற்றுக்கு 0.7. மிகுதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன. நாயனாருடைய பொன்னுக்கு இக்கணக்கைப் போட்டால் 12,000 பொன்னில் குளத்தில் கிடைத்திருப்பது 84. பரவை நாச்சியார் என்ன சொல்லியிருப்பாரோ நாம் அறியோம். அதே 2016ல், குறி தெரிந்து போகும் பாலிமர் துகள்களைச் செய்வதாக அமெரிக்காவில் கொடி கட்டிய பைண்டு என்ற கம்பெனி, கடன்காரரிடமிருந்து காத்துக்கொள்ளக் கோர்ட்டை நாடியது. எனினும் 84 பொன்னும் பொன்தான். ஒட்டினால் விடாத மருந்துக்குச் சிறு அளவே போதுமாகையால், இத்துறையில் அந்த அற்பக் கணக்கு அவ்வளவு அற்பமன்று என்பதும் கவனிக்கத்தக்கது.

இந்த விஷயத்தில் நமது தேசம் எங்கே நிற்கிறது என்பதே நமக்கு முக்கியம். தலைகுனிய வேண்டிய நிலையில் நாம் தொடங்கவில்லை. டில்லி ஸர்வகலாசாலையில் ரஸாயனப் பேராசிரியராயிருந்த அமர்நாத் மைத்ராவின் ஆராய்ச்சியையொட்டி, பாக்ளிடாக்ஸெல் என்னும் புற்றுநோய் மருந்தைப் பாலிமர் நுண்துகளில் பொதியும் முறை நம் நாட்டிலேயே உருவாயிற்று. அம்மருந்து சகப்பிணைப்பு ஜாதியன்று. ஆனால் தண்ணீரில் கரையாத பிடிவாதம் உள்ளது. ஆமணக்கெண்ணெயிலிருந்து செய்த ஒரு திரவத்தில் அதைக் கரைத்து ஏற்றுவது வழக்கம். அத்திரவம் சிலருக்குக் கடுமையான ஒவ்வாமையை விளைவிக்கும். அத்திரவமே வேண்டாத முறை இது. டாபர் பார்மா கம்பெனி 2007ல் நானோக்ஸெல் என்ற பெயரில் இதை வெளியிட்டது. அந்த வருஷத்திலேயே மத்திய சர்க்காரும் நானோ விஞ்ஞானத்துக்கென்று ஐந்து வருஷத்துக்கு 1,000 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றை அங்கீகரித்தது. பிறகு என்ன நடந்தது? 2008ல் அந்தக் கம்பெனியின் பெரும்பங்கு ஜெர்மன் தேசத்துப் பிரெஸீனியஸ் ஸ்தாபனத்துக்கு விற்கப்பட்டது. விற்றவர்கள் சட்டப்படிதான் விற்றார்கள். வாங்கியவர்களும் அப்படியே. ஆயினும் நமது ஸர்வகலாசாலையில் முளைத்த செடி காய்க்கத் தொடங்கிய மறு வருஷமே வேலிக்கு அப்பால் போயிற்றென்பதை எழுதும்போது நமது பேனா சற்றுத் தயங்குகிறது.

1901ல் பெங்கால் கெமிகலை லிமிடெட் கம்பெனியாக்கிய ஆசாரிய பிரபுல்ல சந்திர ராயும், 1935ல் சிப்லாவை ஸ்தாபித்த டாக்டர் ஹமீதும் மருந்தைச் சுதேசி விஷயமாகக் கண்டவர்கள். கதர் அணிந்த குற்றத்துக்காகச் சென்னை மருத்துவக் கல்லூரியில் உயர்ந்த பட்டத்தை இழந்து அமெரிக்கா சென்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், அங்கே புற்றுநோய்க்கும் தொற்றுநோய்க்கும் மருந்து கண்டு, இந்தியா சுதந்தரம் பெற்ற மறு வருஷம் காலமானார். பென்சிலினைப் பற்றியோ சொல்ல வேண்டியதில்லை. 1954ல் புனாவை அடுத்த பிம்ப்ரியில் சர்க்காரே ஆலை வைத்து அதைச் செய்தது. அப்படியிருந்த நாம் பின்னால் சீனச் சரக்கு மலிவென்று மூலப்பொருளுக்கு அந்நாட்டின் கையை எதிர்பார்த்தோம். 2020ல் சர்க்கார் ஊக்கத்தொகைத் திட்டம் போட்ட பிறகு, 2024ல் ஆந்திரத்தில் காக்கிநாடாவில் மறுபடி பென்சிலின் மூலப்பொருள் ஆலை எழுந்திருக்கிறது. கையிலிருந்த வித்தையை விட்டுவிட்டு மீண்டும் கற்பதற்கு எவ்வளவு காலமும் பொருளும் செலவாகிறதென்பதற்கு வேறு சாட்சியம் வேண்டுமா?

சட்டம் பயின்றவர்களாதலால் ஒரு சட்ட விஷயத்தையும் சொல்லாமல் விட மனமில்லை. 1959ல் நீதிபதி ராஜகோபாலய்யங்கார் சமர்ப்பித்த அறிக்கையை ஆதாரமாகக் கொண்டு 1970ல் நமது பேடண்ட் சட்டம் பிறந்தது. மருந்து என்ற பொருளுக்குப் பேடண்ட் கிடையாது, செய்யும் முறைக்கே உண்டு என்ற அதன் விதியால் நமது மருந்துத் தொழில் தழைத்தது. சர்வதேச ஒப்பந்தத்தின் நிர்ப்பந்தத்தால் 2005 முதல் பொருளுக்கும் பேடண்ட் கொடுக்க வேண்டியதாயிற்று. அப்பொழுது பார்லிமெண்டு ஒரு வேலி வைத்தது: 3வது பிரிவின் (டி) உட்பிரிவு. தெரிந்த பொருளின் புதிய உருவம், குணத்தில் மேம்பட்டாலொழியப் புதுப்பொருள் ஆகாது என்பது அதன் சாரம். அதன் விளக்கத்தில் துகளின் பருமன் என்ற சொற்களும் சேர்ந்திருக்கின்றன. பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றி இருபது வருஷ ஏகபோகம் கேட்பவர்களுக்கு இது முட்டுக்கட்டை. நோவார்ட்டிஸ் கம்பெனி இப்பிரிவு அரசியல் சட்டத்துக்கு விரோதமென்று வாதாடியதை 2007ல் சென்னை ஹைக்கோர்ட்டு தள்ளியது. 2013 ஏப்ரல் 1ந் தேதி ஸுப்ரீம் கோர்ட்டு அதன் கிளீவெக் பேடண்ட் கோரிக்கையையும் நிராகரித்து, குணம் என்றால் நோய் தீர்க்கும் குணமே என்று தீர்ப்பளித்தது. இரத்தத்தில் அதிகம் சேருகிறதென்று காட்டினால் மட்டும் போதாது. அதனால் நோயாளிக்கு நன்மை அதிகமென்று ஆதாரத்தோடு ரூபிக்க வேண்டும்.

நுண்துகள் மருந்துகள் வர வர, இப்பிரிவு நமது விஞ்ஞானிகளுக்கே விலங்காகும், ஆகவே இதைத் தளர்த்த வேண்டும் என்று சிலர் பேசத் தொடங்கியிருக்கிறார்கள். இதை நாம் ஒப்பவில்லை. துகளைச் சிறிதாக்கியதனால் இருதயம் கெடாமல் புற்று கரைகிறதென்று காட்டக்கூடியவனுக்குச் சட்டம் குறுக்கே நிற்கவில்லை. காட்ட முடியாதவன் கேட்பது பரிசு அன்று, வரி. அந்த வரியைச் செலுத்துகிறவன் நிலத்தை அடகு வைத்து மருந்து வாங்கும் ஏழைக் குடியானவன். நுண்துகள் மருந்துகளை எவ்வாறு பரீட்சிப்பதென்று 2019ல் மத்திய சர்க்கார் விதிமுறைகள் வெளியிட்டிருக்கிறது. துகளின் பருமன், மேற்பரப்பு, மருந்து கசியும் வேகம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும் என்கின்றன அவை. அவ்விதிகளை எழுத்தளவில் விடாமல் நடத்திவைப்பதே இப்பொழுது அவசரமான காரியம்.

மறுபடி விருத்தாசலத்துக்கு வருகிறோம். பீங்கான் பேட்டையில் நாளையே புற்றுநோய் மருந்து செய்யலாம் என்று நாம் சொல்ல வரவில்லை, அது நகைப்புக்கிடமாகும். பாலிமர் வேறு, களிமண் வேறு. ஆனால் அச்சில் வார்ப்பதற்காகக் களிமண் கூழ் கலக்குகிறவனைக் கவனியுங்கள். வெறும் தண்ணீரில் மண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சோடியம் சிலிகேட்டைச் சிறிது சேர்த்தவுடன் துகள்கள் மின்னேற்றம் பெற்று ஒன்றையொன்று தள்ளி நிற்கின்றன. அதே கூழ் பாலைப்போல் ஓடுகிறது. நுண்துகள் மருந்து செய்கிறவனுடைய முதற்கவலையும் இதுவே. துகள்கள் திரண்டால் ஊசியில் ஏறாது. ஏறினால் நுரையீரலின் நுண்குழாயை அடைக்கும். அவனும் மேற்பரப்பில் மின்னேற்றமோ ஒரு மேற்பூச்சோ கொடுத்துத்தான் தப்புகிறான். துகளைச் சிறிதாக்குவது, ஒரே அளவில் நிறுத்துவது, உலர்த்துவது, மேலே பூசுவது ஆகிய நான்கும் பீங்கான்காரன் தலைமுறையாகச் செய்யும் வேலை. அவ்வூரில் பீங்கான் தொழிலைக் கற்பிக்க ஒரு கல்வி ஸ்தாபனமும் இருக்கிறது. அங்கே படிக்கும் பிள்ளைகளுக்குப் பியூஸ் கட்டையோடு வாழ்க்கை முடிந்துவிட வேண்டுமென்று யார் விதித்தது? பக்கத்திலேயே சிதம்பரத்தில் அண்ணாமலை ஸர்வகலாசாலை இருக்கிறது. அதில் மருந்தியல் கற்பிக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஒரு மணி, ஒன்றரை மணிப் பிரயாணம். ஒளியைச் சிதறவைத்துத் துகளை அளக்கும் கருவிக்கு முன்னால் இவ்வூர் மாணவனையும் அவ்வூர் மாணவனையும் ஒரு மாதம் சேர்த்து உட்கார வைப்பதற்குச் சர்க்கார் பெரிய திட்டமொன்றும் போட வேண்டியதில்லை.

மச்சத்தை மறந்துவிடவில்லை. ஆரூர்க் குளத்தில் பொன் கிடைத்தவுடன் நாயனார் மகிழ்ந்து வீட்டுக்குப் போய்விடவில்லை. கையிலிருந்த மச்சத்தோடு உரைத்துப் பார்த்தார், மாற்றுக் குறைந்திருந்தது. இறைவனிடமே முறையிட்டு, மாற்றுச் சரியான பிறகே ஏற்றுக்கொண்டார். அன்று உரைத்துக் காட்டியதாகச் சொல்லப்படும் பிள்ளையார் கமலாலயக் கரையில் மாற்றுரைத்த விநாயகர் என்ற பெயரோடு இன்றும் இருக்கிறார். நுண்துகள் மருந்துக்கு ஒவ்வொரு வார்ப்பிலும் இந்தப் பரீட்சை அவசியம்; இரண்டு வார்ப்பில் பருமன் சிறிது மாறினாலும் ஈரலில் போய்ச் சேருவதும் கட்டியில் போய்ச் சேருவதும் மாறிவிடும். சுதேசி மருந்தென்பதற்காக மாற்றுக் குறைந்ததைத் தேசபக்தியின் பேரால் விழுங்கச் சொல்ல நாம் தயாராயில்லை. கம்பெனிகள் தங்கள் பரீட்சைக் கணக்குகளைச் சர்க்கார் அலமாரியில் பூட்டி வைக்காமல் வைத்தியர்களும் பொதுஜனங்களும் பார்க்கும்படி வெளியிட வேண்டுமென்ற கோரிக்கையைச் சட்டசபையிலும் பார்லிமெண்டிலும் உள்ள நமது பிரதிநிதிகள் எழுப்புவார்களென்று எதிர்பார்க்கிறோம்.